மால்டா: வரைபடத்தில் அரை மணி, பேருந்தில் ஒன்றரை மணி

மால்டா தீவின் நீளம் 27 கி.மீ., அகலம் 14 கி.மீ. சொச்சம். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் முதல் முறை வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். காலையில் மார்சஷ்லோக், மத்தியானம் கோசோ, சாயங்காலம் இம்தினா என்று எழுதிக்கொண்டு வந்தால் விடுமுறையில் பாதி பேருந்து நிறுத்தத்திலேயே போகும். சாலைகள் குறுகல், கார்கள் ஏராளம். பெரும்பாலான பேருந்துகள் தலைநகர் வல்லெட்டாவின் கோட்டை வாசலுக்கு வந்துதான் திரும்பும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொள்ளுங்கள். மால்டா, கோசோ, கோமினோ மூன்று தீவுகளையும் மூச்சு வாங்காமல் பார்க்க ஐந்து முழு நாள் வேண்டும்.

தங்குமிடம்

முதல் முறை என்றால் ஸ்லீமா. எதிரே வல்லெட்டா தெரியும், படகில் ஏறினால் பத்து நிமிடத்தில் அக்கரை. இம்தினாவுக்கு 202, கோசோ துறைக்கு 222 என்று வல்லெட்டாவைத் தொடாமலே போகும் பேருந்துகளும் இங்கிருந்து உண்டு. ஒரு குறை, கட்டட வேலை. பக்கத்து மனையில் கிரேன் நிற்கிறதா என்று அறையை எடுக்கும் முன் விருந்தினர் மதிப்புரைகளில் தேடிப் பாருங்கள். காலை ஏழு மணிக்கே துளைப்பான் சத்தம் எழுப்பிவிடும்.

வல்லெட்டா அழகு, ஆனால் படிக்கட்டு ஊர். பெரிய பெட்டியோடு வருகிறவர்கள் விடுதி எந்தத் தெருவில், எத்தனையாவது மாடியில், லிஃப்ட் உண்டா என்று கேட்டுவிட்டே பணம் கட்ட வேண்டும். இரவுக் கிளப்புகள் நிறைந்த பாச்சவில்லில் அறை எடுப்பது விடியும்வரை ஆடுகிறவர்களுக்கு மட்டும் சரி. மற்றவர்களுக்கு நாலு மணிக்கு முன் தூக்கம் கிடையாது. கடற்கரைதான் முக்கியம், குழந்தைகளும் கூட வருகிறார்கள் என்றால் மெல்லியஹா.

பணம் யூரோ. மால்டீஸ் மொழியோடு ஆங்கிலமும் ஆட்சிமொழி என்பதால் பேச்சுக்குத் திண்டாட்டமில்லை. பிளக் பிரிட்டிஷ் வகை, மூன்று சதுர முனை. ஐரோப்பாவுக்கு என்று வாங்கிய இரண்டு முனை அடாப்டர் இங்கே உதவாது. குழாய்த் தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்துக் கலந்தது. குடித்தால் கெடுதலில்லை, ருசிதான் பிடிக்காது.

பேருந்தைப் பிடிப்பது எப்படி

விமான நிலையத்திலிருந்து வல்லெட்டாவுக்கு எக்ஸ்4, செயின்ட் ஜூலியன்ஸ் பக்கம் எக்ஸ்2, வடக்கே கோசோ கப்பல் துறையான சிர்கெவ்வாவுக்கு எக்ஸ்1. ஒரு சீட்டு இரண்டு மணி நேரம் செல்லும், அதற்குள் எத்தனை பேருந்து மாறினாலும் சரி. குளிர்காலத்தில் 2 யூரோ, கோடையில் 2.50, இரவுப் பேருந்தில் 3 என்பது சில ஆண்டுகளாக உள்ள கட்டணம். ஓட்டுநர் பக்கத்தில் உள்ள கருவியில் வங்கி அட்டையைத் தொட்டாலே போதும். காசாகக் கொடுப்பதானால் சில்லறையாக வைத்திருங்கள், பெரிய நோட்டை வாங்க மாட்டார்கள். ஒரு வாரம் தங்கி தினமும் மூன்று நான்கு முறை ஏறுகிறவர்களுக்கு ஏழு நாள் எக்ஸ்ப்ளோர் அட்டை லாபம். வல்லெட்டாவிலும் ஸ்லீமாவிலும் நடந்தே சுற்றுகிறவர்களுக்கு அது வீண்.

நிறுத்தத்தில் நின்றாலே பேருந்து நிற்கும் என்று நினைக்க வேண்டாம். எண் கண்ணுக்குத் தெரிந்ததும் கையை நீட்ட வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் கடந்து போய்விடும். கை நீட்டியும் நிற்காமல் போனால் நிறைந்த வண்டி என்று அர்த்தம், ஓட்டுநரிடம் கோபித்துப் பயனில்லை. ஜூலை, ஆகஸ்டில் நடுவழி நிறுத்தங்களில் இது அன்றாடக் காட்சி. எனவே நாலைந்து நிறுத்தம் பின்னோக்கி நடந்தாவது வண்டி புறப்படும் இடத்தில் ஏறுங்கள். கடற்கரையிலிருந்து திரும்பும்போது நாலரை முதல் ஆறரை வரை உள்ள கூட்டத்துக்கு முன்பே கிளம்பலாம், அல்லது சூரியன் மறையும்வரை மணலில் இருந்துவிட்டு வரலாம்.

கார் வாடகைக்கு எடுப்பது கோசோவில் நல்ல யோசனை, மால்டாவில் அவ்வளவாக இல்லை. ஓட்டுவது இடப்பக்கம். நிறுத்துவதுதான் தலைவலி. வெள்ளைக் கோட்டுக்குள் யாரும் நிறுத்தலாம், மஞ்சள் கோட்டில் யாரும் கூடாது. நீலம், பச்சை இருந்தால் பக்கத்திலுள்ள பலகையைப் படிக்காமல் இறங்காதீர்கள், அவை அந்த ஊர்க்காரர்களுக்கு ஒதுக்கியவை.

இன்னொரு எச்சரிக்கை, ஊர்ப் பெயர். இம்ஜார் இரண்டு உண்டு: மால்டாவின் வடமேற்கில் ஒரு கிராமம், கோசோவில் துறைமுகம். ரபாத்தும் இரண்டு: இம்தினாவை ஒட்டி ஒன்று, கோசோவின் தலைநகர் விக்டோரியாவுக்கு உள்ளூரார் சொல்லும் பெயர் இன்னொன்று. பேருந்துச் செயலியில் பெயரைத் தட்டும்போது எந்தத் தீவு என்று பார்த்துவிட்டுத் தட்டுங்கள்.

வல்லெட்டா

1565இல் ஒட்டோமான் படை முற்றுகையிட்டுத் தோற்றுப் போனபின், செயின்ட் ஜான் வீரர் அமைப்பின் தலைவர் டி லா வலெட் 1566இல் அடிக்கல் நாட்டிய ஊர். தெருக்கள் நேர்கோட்டில் இருப்பதால் தொலையவே முடியாது. ஒன்பது மணிக்கு செயின்ட் ஜான்ஸ் இணைப் பேராலயத்திலிருந்து தொடங்குங்கள். வெளியே வெறும் கோட்டைச் சுவர் மாதிரி இருக்கும். உள்ளே தரை முழுக்க வீரர்களின் சலவைக்கல் கல்லறைகள், வண்ண வண்ணமாக எலும்புக்கூடுகளும் கேடயங்களும். அந்தத் தரையைக் காப்பதற்காகவே ஊசிக் குதிகால் செருப்புக்கு அனுமதியில்லை. தோளும் மூடியிருக்க வேண்டும். கரவாஜ்ஜோ 1608இல் வரைந்த, திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படும் ஓவியம் பக்கத்து அறையில் இருக்கிறது. அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் இது. கையெழுத்து கழுத்திலிருந்து வழியும் இரத்தத்தில். முதலில் நேரே அங்கே போய்விட்டுப் பிறகு மற்றதைப் பாருங்கள், பத்து மணிக்கு மேல் சுற்றுலாக் குழுக்கள் அந்த அறையை அடைத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாப் பயணிகளுக்குத் திறப்பதில்லை. அன்று மட்டும் வல்லெட்டாவுக்கு ஒதுக்கியவர்கள் கதவைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான்.

பதினொன்றரை மணிக்கே மேல் பராக்கா தோட்டத்துக்கு வந்துவிடுங்கள். பன்னிரண்டு மணிக்குக் கீழே பீரங்கி வெடிக்கும், பிறகு மாலை நாலு மணிக்கு இன்னொரு முறை. மேலே கைப்பிடிச் சுவரோரம் நின்று பார்ப்பது இலவசம். கீழே பீரங்கி வரிசைக்குள் போகத்தான் சீட்டு. பார்த்து முடித்ததும் 58 மீட்டர் லிஃப்ட்டில் துறைமுகத்துக்கு இறங்கி, படகில் எதிரே உள்ள பிர்குவுக்குப் போகலாம். லிஃப்ட்டில் இறங்கக் காசில்லை, ஏறத்தான் 1 யூரோ. பிர்குவின் பின் சந்துகள் வல்லெட்டாவைவிடப் பழையவை, கூட்டமும் பாதிதான். வெயில் உச்சத்தில் இருக்கும் இரண்டு மணி நேரத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

தரை பற்றி ஒரு சொல்: இந்தத் தெருக்களின் சுண்ணாம்புக்கல் நடந்து நடந்து கண்ணாடியாகிவிட்டது. மழைத் தூறல் விழுந்தால் வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி நல்லது.

தெற்கும் மேற்கும் ஒரே நாளில்

ஒழுங்காகச் செய்தால் இதுதான் தீவின் மிகச் சிறந்த நாள். வல்லெட்டாவில் 74ஆம் எண்ணில் ஏறி நீலக் குகைக்கு இறங்குங்கள். படகுச் சுற்று இருபது, இருபத்தைந்து நிமிடம். நீல நிறம் வெயில் குகைக்குள் சாய்ந்து விழும் காலை நேரத்தில்தான் தெரியும். பிற்பகலில் போனவர்கள் "சாதாரணக் குகைதானே" என்று சொல்வது இதனால்தான். அலை இருந்தால் படகு விடமாட்டார்கள்.

அங்கிருந்து ஏற்றத்தில் ஹஜர் ஈம், அதற்குக் கீழே அரைக் கிலோமீட்டரில் இம்நாய்ட்ரா. எகிப்தின் பிரமிடுகளுக்கு முந்திய, பொ.ஆ.மு. 3600 முதல் 3200 வரையிலான கற்கோயில்கள். மேலே உள்ள வெள்ளைக் கூடாரங்களை அழகைக் கெடுப்பதாகப் பலர் குறை சொல்கிறார்கள். மழையும் உப்புக் காற்றும் மென்மையான அந்தக் கல்லை அரிப்பதால் 2009இல் போட்ட கூரை அது. நமக்கும் நிழல்.

அடுத்து 201ஆம் எண் பேருந்து. டிங்லி செங்குத்துப் பாறை வழியாக ரபாத்துக்குப் போகும். வருவது அடிக்கடி அல்ல. ஒன்றைத் தவறவிட்டால் ஒரு மணி நேரம் கூடக் காக்க நேரும். கோயிலுக்குள் நுழையும் முன்பே செயலியில் நேரம் பார்த்து வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் முன்னதாக நிறுத்தத்துக்கு வாருங்கள். டிங்லியில் கைப்பிடி இல்லாத விளிம்புகள் உண்டு, கடல் 250 மீட்டர் கீழே.

இம்தினாவுக்கு ஐந்து மணிக்கு மேல் நுழையுங்கள். பகலில் குழுக்கள் நிறைந்திருக்கும் அதே சந்துகளில் ஆறு மணிக்கு உங்கள் காலடிச் சத்தம் உங்களுக்கே கேட்கும். மதிலுக்குள் குடியிருப்பவர்கள் முந்நூறு பேர்கூட இல்லை. விளக்கேற்றியபின் ஒரு சுற்று சுற்றிவிட்டு ரபாத்தில் சாப்பிட்டுக் கிளம்பலாம்; வல்லெட்டாவுக்கு 51, 52, 53, ஸ்லீமாவுக்கு 202.

ஹல் சஃப்லியெனி ஹைப்போஜியம் இந்த வரிசையில் சேராது, அதைச் சுற்றித்தான் மற்ற நாள்களை அமைக்க வேண்டும். 1902இல் வீடு கட்டத் தோண்டும்போது அகப்பட்ட மூன்றடுக்கு நிலத்தடிக் கல்லறை. மூச்சுக்காற்றின் ஈரத்தில் சுவரின் செங்காவி ஓவியம் அழியும் என்பதால் ஒரு தடவைக்கு 10 பேர், ஒரு நாளைக்கு 80 பேர்தான். விமானச் சீட்டு எடுத்த அன்றே இதற்கும் இணையத்தில் சீட்டு எடுங்கள். கோடைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தீர்ந்துவிடும். விட்டுவிட்டீர்களா, மறுநாளுக்கான சில சீட்டுகளை வல்லெட்டாவின் செயின்ட் எல்மோ கோட்டையில் காலையில் கூடுதல் விலைக்கு விற்பார்கள். திறப்பதற்கு முன்பே வரிசையில் நில்லுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை, படமும் எடுக்கக் கூடாது.

கோசோ, கோமினோ, காற்று

சிர்கெவ்வாவிலிருந்து பெரிய கப்பல் 25 நிமிடம், இரவும் பகலும் ஓடும். போகும்போது யாரும் காசு கேட்க மாட்டார்கள், திரும்பும்போது இம்ஜாரில்தான் கட்டணம். வல்லெட்டாவிலிருந்து விரைவுப் படகு 45 நிமிடம். வல்லெட்டா, ஸ்லீமாவில் தங்கியிருப்பவர்களுக்கு அதுவே மேல், பேருந்தில் ஒன்றரை மணி மிச்சம். ஆனால் கடல் கொந்தளித்தால் முதலில் ரத்தாவது அதுதான்; பெரிய கப்பல் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும். பெரிய கப்பலில் போய் விரைவுப் படகில் திரும்பினால் ஒரு கட்டணம் மிச்சமாகும் கணக்கையும் கவனித்திருப்பீர்கள்.

கோசோவில் ஒரு நாள்தான் என்றால் விக்டோரியா கோட்டை, ஜ்கந்தியா கோயில், ஷ்வெய்னி உப்பளம், ரம்லாவின் செம்மணல் கடற்கரை போதும். பழைய படங்களில் வரும் கடல் வளைவான அஸூர் ஜன்னலைத் தேடாதீர்கள், அது 2017 மார்ச் 8 புயலில் விழுந்துவிட்டது. அது நின்ற துவெய்ரா இன்னும் பார்க்கத்தக்க இடம்தான்.

கோமினோவின் நீலக் காயல் படத்தில் வெறிச்சோடி இருக்கும், நேரில் ஆகஸ்டு மத்தியானம் துண்டு விரிக்க இடமிராது. 2025 கோடையிலிருந்து கரையிறங்க இலவச முன்பதிவு வேண்டும்: நேரப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, கியூஆர் குறியீட்டைக் காட்டி, கைப்பட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். காலைப் பகுதியின் முதல் படகில் போய் பதினொரு மணிக்குக் கிளம்பிவிடுவது உத்தமம். நிழல் கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, பாறைக்கு ரப்பர் காலணி. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேளுங்கள்.

கடலுக்குப் போகிற அன்று காலையில் முதலில் காற்றின் திசையைப் பாருங்கள். வடமேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு இங்கே மஜ்ஜிஸ்த்ரால் என்று பெயர். அது வீசும் நாளில் மேற்கு பார்த்த கோல்டன் பேயிலும் ஐன் துஃபியஹாவிலும் சிவப்புக் கொடிதான் பறக்கும். அன்று கிழக்குப் பக்கம் உள்ள அதீரா விரிகுடாவுக்கோ மார்சஷ்லோக் பக்கத்துப் பாறைக் குளத்துக்கோ போனால் தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோல் கிடக்கும். தென்கிழக்குக் காற்று வீசினால் இதைத் தலைகீழாக்குங்கள். ஊதா நிறக் கொடி என்றால் ஜெல்லி மீன். கடித்த இடத்தை நல்ல தண்ணீரால் கழுவாதீர்கள், கடல்நீரால்தான் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் பட்டால் தோலில் ஒட்டியிருக்கும் மிச்சக் கொடுக்குகளும் வெடிக்கும்.

சாப்பாடு

காலை உணவுக்கு விடுதியில் பணம் கட்டாதீர்கள், பாஸ்டிட்ஸி இருக்கும்போது. அடுக்கடுக்கான மாவு, உள்ளே பூரணம். வாய் நடுவில் திறந்திருந்தால் ரிக்கோட்டா என்ற மென்மையான பாலாடைக்கட்டி, பக்கவாட்டில் மடித்து மூடியிருந்தால் பட்டாணி. ஒன்று 1 யூரோவுக்கும் குறைவு. தட்டில் வெகு நேரம் கிடந்ததை வாங்காமல், அடுப்பிலிருந்து அடுத்த தட்டு எப்போது வரும் என்று கேட்டுக் காத்திருங்கள். வந்ததும் கடித்துவிடாதீர்கள்: மேல்மாவு ஆறியிருக்கும், உள்ளே பூரணம் நாக்கைச் சுட்டுவிடும். ஒரு மூலையைப் பிய்த்து ஆவி போக விட்டு, காகிதப் பையைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் சட்டை முழுக்க மாவுச் செதில். சைவர்கள் கவனிக்க: பழைய முறையில் இந்த மாவுக்குப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். இப்போது பல இடங்களில் மார்கரின்தான், ஆனாலும் கேட்டுவிடுங்கள்.

மத்தியானத்துக்கு ஃப்டீரா. வளைய வடிவ ரொட்டியைப் பிளந்து தக்காளி விழுது தடவி சூரை மீன், ஆலிவ், கேப்பர் வைப்பார்கள். மீன் வேண்டாம் என்றால் ஜ்பெய்னா என்ற ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. கோசோவில் அதே பெயருக்கு வேறு பொருள்: உருளைக்கிழங்கு பரப்பி விறகு அடுப்பில் சுட்டது, பீட்சா மாதிரி. சைவத்துக்கு இன்னும் பிஜில்லா என்ற பயற்று மசியல், கபுனாத்தா என்ற கத்தரிக்காய்க் கூட்டு, ரிக்கோட்டா வைத்த ரவியோலி.

முயல் இங்கே தேசிய உணவு. மால்டாவின் இம்ஜார் கிராமத்தில் அதற்கென்றே உணவகங்கள் இருக்கின்றன. முறை இதுதான்: முதலில் முயல் குழம்பில் ஸ்பகெட்டி, பிறகு பூண்டும் வைனும் சேர்த்து வறுத்த கறி. இரண்டுமே ஆளுக்கு ஒன்று சொன்னால் பாதி மிஞ்சும், ஸ்பகெட்டியைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

மீனில்தான் பில் எகிறும். பட்டியலில் உள்ள விலை பெரும்பாலும் 100 கிராமுக்கோ கிலோவுக்கோ போட்டது, முழு மீனுக்கு அல்ல. மீனைத் தட்டில் கொண்டு வந்து காட்டும்போதே எடை போட்டு மொத்த விலை சொல்லச் சொல்லுங்கள். கேட்பது இங்கே வழக்கம்தான், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முள்ளோடு 450, 500 கிராம் ஒருவருக்குத் தாராளம். ஆகஸ்டு நடு முதல் டிசம்பர் வரை லம்பூகி என்ற மீனின் பருவம். அப்போது வேறு எதையும் கேட்காமல் அதையே வாங்குங்கள். மார்சஷ்லோக் மீன் சந்தை ஞாயிறு காலைதான், 81, 85 பேருந்து. எட்டரைக்கு இருந்தால் மீன், பதினொன்றுக்கு வந்தால் மேசை விரிப்பும் காந்தப் பொம்மையும்.

இரவு

பாச்சவில் பதினொன்றுக்கு முன் வெறிச்சோடி இருக்கும், உச்சம் ஒன்றிலிருந்து மூன்று வரை. பெரும்பாலான கிளப்புகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அதனால் வாசலில் கையைப் பிடித்து அழைக்கும் ஆள்களிடம் சீட்டு வாங்காதீர்கள். அவர்கள் தரும் இலவச ஷாட் பெரும்பாலும் சர்க்கரைப் பாகுதான். மது வயது 17, வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். கோப்பையைக் கண்ணை விட்டு அகல விடாதீர்கள். கண்ணாடி மறைத்த "ஜென்டில்மென்ஸ் கிளப்" வகையறா பக்கம் போகாமலிருப்பதே நல்லது: பயணிகளின் வங்கி அட்டையில் ஆயிரக்கணக்கில் இழுக்கப்பட்டு வழக்குவரை போனவை அங்கே நிகழ்ந்திருக்கின்றன.

பேசவும் பாட்டு கேட்கவும் விரும்புகிறவர்களுக்கு வல்லெட்டாவின் ஸ்ட்ரெயிட் தெரு. ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகள் குடித்துக் கிடந்த சந்து, இப்போது வைன் கடைகளும் ஜாஸும். படிகளில் மெத்தை போட்டு உட்கார வைப்பார்கள். எட்டரைக்குப் போனால் இடம் கிடைக்கும். ஒரு மணி வாக்கில் அடங்கிவிடும். மது வேண்டாதவர்கள் கின்னி கேட்கலாம், கசப்பு ஆரஞ்சில் மூலிகை சேர்த்த உள்ளூர்ச் சோடா. முதல் மிடறு பலருக்கும் முகத்தைச் சுளிக்க வைக்கும்.

இவை இரண்டையும்விட நாங்கள் பரிந்துரைப்பது கிராமத் திருவிழா, அதாவது ஃபெஸ்தா. ஜூன் முதல் செப்டம்பர் வரை வாரக் கடைசி தோறும் ஏதாவதொரு ஊரில் நடக்கும். பேண்டு வாத்தியம், தெருவெல்லாம் விளக்கு, நுகட் மிட்டாய்க் கடை, வாணவேடிக்கை. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஊர்க் கோயில் சதுக்கத்தில் நின்றால் போதும், அழைப்பு வேண்டாம், கட்டணமும் இல்லை. அந்த ஊரிலேயே தங்கியிருக்கிறவர்களுக்கு மட்டும் சொல்ல வேண்டியது: காலை எட்டு மணிக்கே வெடி தொடங்கும். ஆகஸ்டு 15 மரியன்னை விழாவன்று கோசோ போக நினைக்காதீர்கள், தீவே கப்பல் வரிசையில் நிற்கும்.

திரும்புவது: என் என்று தொடங்கும் இரவுப் பேருந்துகள் வெள்ளி, சனி இரவுகளில் பாச்சவில்லிலிருந்து ஓடும். மற்ற நாள்களில் போல்ட், இகேப்ஸ், ஊபர். மூன்று மணிக்குக் கிளப் வாசலில் நின்று கார் அழைத்தால் விலையும் ஏறும், தெருவுக்குள் கார் வரவும் முடியாது; ஓட்டுநர் சுற்றிச் சுற்றிப் பார்த்து ரத்து செய்வார். கடலோரமாக ஸ்பினோலா விரிகுடாவை நோக்கிப் பத்து நிமிடம் நடந்து, அங்கிருந்து அழையுங்கள். ஸ்லீமாவில் அறை இருந்தால் அதுவும் வேண்டாம்: கடற்கரை நடைபாதை நெடுக விளக்கும் ஆள் நடமாட்டமும் உண்டு, முக்கால் மணியில் நடந்தே வந்துவிடலாம்.